மூணே முக்கா

அடிபம்பில் தண்ணீர் வருகிற நேரம்.
சலோமி குடங்களோடு வெளியே நின்றாள்.
நான் பாயில் உட்கார்ந்திருந்தேன்.
நெஞ்சின் நடுவே யாரோ
இருபதடிப் பெட்டியை இறக்கிவிட்டு
கொக்கியைக் கழற்ற மறந்து போயிருந்தார்கள்.

கேஸ் என்றேன்.
நாற்பத்திமூன்று வயசில் வேறென்ன வரும்?
ராத்திரி தின்ற பீஃப் பக்கோடா மேல்
பழியைப் போட்டேன்.

ஓமத்தண்ணி காய்ச்சினாள்.
மூடியிருந்த கடையைத் தட்டி எழுப்பி
சோடா வாங்கி வந்தாள்.
ஒரு ஏப்பம் வந்தது.
பாத்தியா, போயிடுச்சு என்றேன்
பந்தயத்தில் ஜெயித்தவன் மாதிரி.
போகவில்லை. தாடைக்கு ஏறியது.
தைலம் தேய்த்தாள்,
வேர்வையில் தைலம் நிற்கவில்லை.

ஐந்து மணிக்கு மாடிவீட்டுப் பரந்தாமன் வந்தார்,
ஒரு காலத்தில் கம்பவுண்டர்.
ஊசி போட்டார்.
காசு வாங்கவில்லை, நல்ல மனுஷன்.

ஆஸ்பத்திரிக்குப் போலாம் என்றாள்.
அன்றைக்கு எனக்கு டபுள் டூட்டி.
போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் மட்டுமா,
மாசக் கடைசியில் தருகிற வருகைக் காசும் போகும்.
நெஞ்சில் கைவைத்தபடியே
அந்தக் கணக்கைப் போட்டு முடித்தேன்.
அதுவும் முழு உண்மையில்லை.
ஸ்டான்லிக்குப் போய்த் திரும்பியவர்களைப் பற்றி
எங்கள் தெருவில் யாரும் பேசுவதில்லை.
திரும்பாதவர்களைத்தான்
பெயர் சொல்லிப் பேசுவோம்.

ஆறேகாலுக்கு ஜிலானி
ஆட்டோவை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டான்.
யார் கூப்பிட்டது என்று நான் கேட்கவில்லை.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
கூட்ஸ்.
ஜிலானி ரயிலைப் பார்த்து ஹாரன் அடித்தான்.
நீலம், துருச்சிவப்பு, பச்சை என்று
பெட்டிகள் நகர்ந்தன, அவசரமே இல்லாமல்.
பன்னிரண்டாவது வேகனில்
இடது மூலை நசுங்கிய சாம்பல் பெட்டி.
அதை எனக்குத் தெரியும்.
நேற்று சாயங்காலம் நான்தான் ஏற்றினேன்.
அதற்குப் பின்னால் வந்ததும் நான் ஏற்றியது.
அதற்கும் பின்னால் வந்ததும்.
சூப்பர்வைசர் விசிலடிக்க விசிலடிக்க
ஒரே ஷிப்டில் அத்தனையும் அடுக்கியிருந்தேன்.

கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருக்கலாம்.

வலி எப்ப ஆரம்பிச்சது?
சீட்டு எழுதியவர் கேட்டார்.
இப்பதான் என்றேன்.
சட்டையைக் கத்தரித்து ஒயர் ஒட்டிய பெண் கேட்டாள்.
இப்பதான், வர்ற வழியில.
கண்ணாடி போட்ட சின்ன டாக்டர்,
என் தம்பி மகள் வயசிருக்கும்,
கோடு கோடாக வந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.
நான் வாயைத் திறப்பதற்குள்
மூணே முக்கா என்றாள் சலோமி.
தண்ணி வந்த நேரம். நாலு குடம் புடிச்சேன்.

அழாமல்தான் சொன்னாள்,
நாலு குடத்தையும்
தனக்கு எதிரான சாட்சியாக
இழுத்து வந்து நிறுத்தியவள் மாதிரி.
டாக்டர் திட்டவில்லை.
கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தாள்.
திட்டியிருக்கலாம்.

ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தேன்.
இதயத்தில் ஒரு ஓரம் இனி வேலை செய்யாதாம்.
அதற்கு மட்டும் நிரந்தர லீவு.

இப்போது டெப்போவில் கேட் பாஸ் எழுதுகிறேன்,
பாதிச் சம்பளம்.
என் வண்டியில் வேறு பையன்,
இருபத்தாறு வயசு, டபுள் டூட்டி.
பாஸ் வாங்க வரும்போது
மார்பைத் தடவிக்கொண்டு ஏப்பம் விடுகிறான்.
பாஸைக் கொடுக்காமல்
அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
என்னண்ணா என்கிறான்.

நேற்று ராத்திரி எனக்கு நிஜமாகவே கேஸ்.
புரண்டு படுத்தேன்.
சலோமி எழுந்துவிட்டாள்.
ஓமம் தேடவில்லை, தைலம் தேடவில்லை.
விளக்கைப் போட்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.
நாள்காட்டித் தாளின் ஓரத்தில்
பென்சிலால் 1.20 என்று எழுதினாள்.

அப்புறம்தான் கேட்டாள்,
என்ன பண்ணுது?